உங்க ப்ராசஸருக்கென்றே ஒரு பேக்கேஜ்: லினக்ஸில் மறுபடி கம்பைல் செய்வது எப்படி?

கோவை காந்திபுரத்துப் பக்கம் யாரோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரைக் குறைந்த விலைக்கு வாங்கி, விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன், மின்ட் மாதிரி ஒரு லினக்ஸ் போட்டவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்த யோசனை வந்தே தீரும்: சோர்ஸை, அதாவது மென்பொருளின் மூல நிரலை, இறக்கி நம்ம ப்ராசஸருக்குத் தக்கபடி கம்பைல் பண்ணிப் (மெஷின் மொழிக்கு மாற்றிப்) போட்டால் பறக்குமாமே? பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு இறங்கினால் ஒரு பொழுதில் வேலை முடியும். தெரியாமல் இறங்கினால் சிஸ்டத்தையே கம்பைல் செய்துவிட்டு, ஒரு வித்தியாசமும் காணாமல், அடுத்த அப்டேட்டில் எல்லாம் பழையபடி மாறியிருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

என் கட்சி இதுதான்: ஒரே ஒரு பேக்கேஜ், அதாவது போடத் தயாராகக் கட்டிவைத்த ஒரு மென்பொருள். உங்கள் நேரத்தை நிஜமாகவே தின்கிற ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றவற்றை டிஸ்ட்ரோக்காரர்கள், அதாவது டெபியன் மாதிரி லினக்ஸைத் தொகுத்துத் தருபவர்கள், பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு சின்ன ஏற்பாடு. கட்டளைகளை வாயால் சொல்லும் ஒலியில் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். சிறு கோடு என்பது மைனஸ் குறி.

தயார் பேக்கேஜில் என்ன குறை?

டெபியன் 64-பிட் கம்ப்யூட்டருக்கென்று தரும் பேக்கேஜ், 2003-இல் ஏஎம்டி கொண்டுவந்த முதல் 64-பிட் ப்ராசஸரிலும் ஓட வேண்டும் என்ற கணக்கில் கம்பைல் ஆகிறது. உபுண்டு, மின்ட் வழக்கமாகத் தருவதும் அப்படித்தான். அந்தக் காலத்துச் சில்லில் கூட்டமாகக் கணக்குப் போடும் வசதி எஸ்எஸ்இ2 வரைதான். ஒரு தடவைக்கு 128 பிட். 2013-இல் வந்த இன்டெல் நாலாம் தலைமுறையில், அதாவது ஹாஸ்வெல்லில், ஏவிஎக்ஸ்2 வந்தது. ஒரு தடவைக்கு 256 பிட். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் முடிக்கும் எஃப்எம்ஏ-வும் அதோடு சேர்ந்தது. கம்பைலருக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். "பயன்படுத்தாதே, பழைய மெஷினில் ஓடாது" என்று நாம்தான் கையைக் கட்டி வைத்திருக்கிறோம்.

2020-இல் ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹேட், சூசே நான்கும் சேர்ந்து இந்த வசதிகளைப் படிப்படியாக வகுத்தன. அடிப்படை ஒன்று, அதற்கு மேல் வி2, வி3, வி4. எஸ்எஸ்இ4.2 இருந்தால் வி2. ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ எல்லாம் இருந்தால் வி3. ஏவிஎக்ஸ்-512 இருந்தால் வி4. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 குறைந்தபட்சம் வி2 கேட்கிறது. 10-ஆம் பதிப்பு வி3-க்குக் குறைந்த மெஷினில் ஏறவே ஏறாது. டெபியன் அப்படி யாரையும் கழற்றிவிடுவதில்லை. அந்தப் பெருந்தன்மைக்கான விலையைத்தான் புது மெஷின்காரர் கொடுக்கிறார்.

கேட்டால் பெரிய நஷ்டம் போலத் தெரியும். ஆனால் வேகம் முக்கியமான மென்பொருள்களில் பல இந்தப் பிரச்சினையை வேறு வழியில் தீர்த்துவிட்டன. ஓடத் தொடங்கும்போதே ப்ராசஸரைப் பார்த்து, அதற்கேற்ற உள்துண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். மற்ற மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி நூலகமான ஜிலிப்சி அப்படி. குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் அப்படி. வீடியோ பக்கம் எஃப்எஃப்எம்பெக், எக்ஸ்264, டேவ்1டி எல்லாம் அப்படி. பைத்தான் மொழியில் கணக்குப் போடும் 'நம்பை' நூலகம் அப்படி. டெபியன் தரும் ஓபன்பிளாஸ் என்ற கணித நூலகமும் அப்படியே. இவற்றை உட்கார்ந்து கம்பைல் செய்தால் கரண்ட் பில்தான் ஏறும். வீடியோ கன்வெர்ட் செய்ய நேரமாகிறது என்று எஃப்எஃப்எம்பெக்கைக் கம்பைல் செய்யச் சொல்லும் பழைய யோசனையை இன்னும் ஆட்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

லினக்ஸின் மையமான கெர்னலும் இந்தக் கணக்கில் வராது. கெர்னல் தன் சாதாரண வேலைக்கு ஏவிஎக்ஸைத் தொடுவதே இல்லை. 2025-இல் வந்த 6.16 பதிப்பில் சொந்த ப்ராசஸருக்கென்று கட்டும் வசதியை மெனுவிலேயே கொடுத்திருக்கிறார்கள். ஆசைக்குச் செய்து பார்க்கலாம். கடிகாரத்தில் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எதை எடுப்பது?

கோபி பக்கம் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணன் கேட்டார். "ஏனுங் தம்பி, முகூர்த்தம் வந்தா மூவாயிரம் படம் சேருது. ரா ஃபைலை ஜேபெக்கா மாத்த இந்த டப்பா ராத்திரி பூரா முக்குது. புதுசு வாங்கறதா, இல்ல இந்தக் கம்பைல் சமாச்சாரத்தைப் பண்ணிப் பாக்கறதா?"

"மொதல்ல எது முக்குதுன்னு பாத்துடலாங்கண்ணா."

பார்க்க வேண்டியது இதுதான். வேலை ஓடும்போது இன்னொரு டெர்மினலில் 'எச்டாப்' போடுங்கள். எல்லா கோர்களும் நூறு சதத்தை ஒட்டி நிற்கிறதா? நின்றால் வேலை ப்ராசஸரில்தான் மாட்டியிருக்கிறது. கோர்கள் முப்பது நாற்பதில் தூங்கிக்கொண்டிருந்தால், காத்திருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்குக்காகவோ ரேமுக்காகவோ. அப்போது கம்பைலில் ஒன்றும் இல்லை, எஸ்எஸ்டி வாங்குங்கள். கிணற்றில் ஊற்று இல்லாமல் மோட்டாரை ஐந்து எச்பியிலிருந்து பத்து எச்பி ஆக்கினால் பைப்பில் காற்றுதான் வரும்.

ரேம் விஷயம் இன்னும் நுட்பமானது. பம்ப் இம்பெல்லருக்குள் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது என்று ஓபன்ஃபோம் போட்டுப் பார்க்கும் சின்னக் கம்பெனிகள் கோவையில் உண்டு. அங்கே கோர் எல்லாம் நூறு சதம் காட்டும். ஆனால் உள்ளே நடப்பதில் பெரும்பகுதி, ரேமிலிருந்து எண்கள் வந்து சேரக் காத்திருப்பது. ஏவிஎக்ஸ் சேர்த்தாலும் பெரிதாக நகராது. இரண்டு ஸ்லாட்டிலும் ரேம் போட்டு டூயல் சேனல் ஆக்கினால் நகரும்.

நூறு சதம் நிற்கிறது என்றால் அடுத்து 'பெர்ஃப் டாப்'. எந்த ஃபங்ஷனில், எந்த நூலகத்தில் நேரம் போகிறது என்று வரிசையாகக் காட்டும். மேலே நிற்பது ஜிலிப்சியோ, ஜேபெக்-டர்போவோ என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். அவை ஏற்கெனவே உங்கள் ப்ராசஸருக்கேற்றபடி ஓடுகின்றன. மேலே நிற்பது அந்த மென்பொருளின் சொந்தக் கணக்கு என்றால் இறங்கலாம். கோபி அண்ணனிடம் அப்படித்தான் இருந்தது. கேமராவின் ரா படங்களைத் திருத்தி மாற்றும் ராதெரபி என்ற மென்பொருள், நாலாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ரேம். கீழே அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பேக்கேஜ் வேறானால் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ப்ராசஸரைக் கேளுங்கள், ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

'எல்எஸ்சிபியூ' என்று அடித்தால் ஃப்ளாக்ஸ் என்ற வரியில் ஒரு பட்டியல் வரும். அதில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னும் தெளிவாக வேண்டுமானால் மென்பொருள்களை ஏற்றி ஓடவிடும் சிஸ்டத்தின் லோடரையே கேட்கலாம்:

/லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 --ஹெல்ப்

கடைசிச் சில வரிகளில் வி4, வி3, வி2 என்று இறங்குவரிசையில் வரும். எது ஓடுமோ அதற்குப் பக்கத்தில் 'சப்போர்ட்டட்' என்று எழுதியிருக்கும். 2021-இலும் அதற்குப் பின்னும் வந்த ஜிலிப்சி, அதாவது 2.33-உம் அதற்கு மேலும் இருந்தால் இது வேலை செய்யும். டெபியன் 12, உபுண்டு 22.04 இரண்டிலும் பிரச்சினை இல்லை.

பழைய மெஷின் வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தலைமுறை புதிது என்பதால் ஏவிஎக்ஸ்2 இருக்கும் என்று அர்த்தமில்லை. 2017-இல் வந்த பென்டியம் ஜி4560, ஏழாம் தலைமுறைச் சில். அதில் ஏவிஎக்ஸே கிடையாது. அந்தக் காலத்து செலெரான்களும் அப்படித்தான். அதே கடையில் பக்கத்தில் கிடக்கும் 2013-ஆம் வருடத்து ஐ5-4570-இல் ஏவிஎக்ஸ்2 உண்டு. மூன்றாம் தலைமுறை ஐ5-3470-இல் ஏவிஎக்ஸ் உண்டு, ஏவிஎக்ஸ்2 இல்லை. ரைசன் என்று பெயர் போட்டதில் எல்லாம் உண்டு. உங்களிடம் இருப்பது பென்டியம் என்றால் இந்தக் கட்டுரையால் கிடைக்கப்போவது சொற்பம். அதே போர்டில் உட்காரும் பழைய ஐ5 ஒன்றைத் தேடிப் போடுவது லாபம்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கம் பனியன் கம்பெனியிலோ தறிக்குடோனை ஒட்டியோ ஓடிய மெஷின் என்றால் மூடியைக் கழற்றி ஃபேனுக்கு அடியில் பாருங்கள். ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். காற்றே போகாது. சூடு ஏறினதும் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலை ஓடும்போது 'சென்சார்ஸ்' போட்டால் சூடு தெரியும். எல்எம்-சென்சார்ஸ் என்ற பேக்கேஜில் அது இருக்கிறது. பஞ்சைப் பிரஷ் போட்டு எடுத்து, புது தெர்மல் பேஸ்ட் தடவிவிட்டு, பிறகு அளந்து பாருங்கள். கம்பைலில் கிடைப்பதைவிட எச்சாகவே இதில் கிடைத்துவிடுவதும் உண்டு.

அளவு எடுத்து வையுங்கள்

கம்பைல் செய்வதற்கு முன்னால் இப்போதைய வேகம் கையில் இருக்க வேண்டும். இருபது ரா ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போடுங்கள். லினக்ஸில் ஃபோல்டர் பெயர் தமிழிலேயே இருக்கலாம் என்பதால் 'உள்ளே', 'வெளியே' என்றே வைத்துக்கொள்வோம். வழக்கமாகப் போடும் திருத்தங்களை ஒரு பிபி3 ஃபைலாகச் சேமியுங்கள்.

டைம் ராதெரபி-சிஎல்ஐ -ஒய் -ஓ வெளியே -பி கல்யாணம்.பிபி3 -ஜே95 -சி உள்ளே

இதில் ஒய் மட்டும் பெரிய எழுத்து. பழைய படத்தின் மேலேயே எழுத அனுமதி. -பி-யும் பிபி3-இல் வருவதும் 'பேப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. சி கடைசியில்தான் வர வேண்டும். நாலைந்து தடவை ஓட்டுங்கள். முதல் தடவை டிஸ்க்கிலிருந்து படிக்கும் நேரமும் சேரும், அதைக் கழித்துவிட்டு 'ரியல்' என்ற வரியில் வருவதைக் குறித்து வையுங்கள். அந்த நேரத்தில் பிரவுசரில் பாட்டு ஓடக் கூடாது. லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்க வேண்டும்.

கட்டும் வேலை

கட்டுவது என்றால் சோர்ஸைக் கம்பைல் செய்து பேக்கேஜ் ஆக்குவது. முதலில் சோர்ஸ் களஞ்சியத்தைத் திறக்க வேண்டும். மின்ட்டில் சாஃப்ட்வேர் சோர்ஸஸ் என்ற ஜன்னலிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. டெபியனில் /ஈடிசி/ஆப்ட் அடைவிலுள்ள சோர்ஸஸ்.லிஸ்ட் ஃபைலைத் திறந்து, 'டெப்' என்று தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் கீழே அதே வரியை 'டெப்-எஸ்ஆர்சி' என்று தொடங்கி இன்னொரு தடவை எழுதுங்கள். உபுண்டு 24.04-இல் உபுண்டு.சோர்ஸஸ் என்ற ஃபைல். 'டைப்ஸ்' வரியில் டெப்புக்குப் பக்கத்தில் டெப்-எஸ்ஆர்சி சேர்த்தால் போதும். பிறகு 'சூடோ ஆப்ட் அப்டேட்'. சூடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுவது, ஆப்ட் என்பது பேக்கேஜ்களை இறக்கிப் போடும் கருவி.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் டெவ்ஸ்கிரிப்ட்ஸ் ஈக்விவ்ஸ்

சூடோ எம்கே-பில்ட்-டெப்ஸ் -ஐ -ஆர் ராதெரபி

இரண்டாவது கட்டளை, கட்டுவதற்குத் தேவையான நூலகங்களை எல்லாம் இறக்கும். 'ஆப்ட் பில்ட்-டெப்' என்றும் இதைச் செய்யலாம். நிறையப் பேர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அது இறக்கியதை வேலை முடிந்ததும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு. எம்கே-பில்ட்-டெப்ஸ் எல்லாவற்றையும் ஒரே போலிப் பேக்கேஜில் கட்டிவைக்கும். கடைசியில் அந்த ஒன்றை எடுத்தால் மற்றதும் கூடவே போகும்.

அப்புறம் ஒரு காலி ஃபோல்டருக்குள் போய் சோர்ஸை எடுங்கள். இதற்கு சூடோ வேண்டாம்.

ஆப்ட் சோர்ஸ் ராதெரபி

பதிப்பு எண்ணோடு ஒரு ஃபோல்டர் உருவாகும். அதற்குள் நுழையுங்கள். இனி இந்தப் பேக்கேஜுக்கு நம் அடையாளம் ஒன்றைப் போட வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்ட்ரோ கட்டியது எது, நாம் கட்டியது எது என்று ஆப்ட்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

டிசிஎச் --லோக்கல் +அவிநாசி "சொந்த ப்ராசஸருக்குக் கட்டியது"

ஏன் அவிநாசி, ஏன் கோவை இல்லை என்று கேட்பீர்கள். இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். பேக்கேஜின் பதிப்பு 5.9-1 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் கட்டியது 5.9-1+கோவை1 ஆகிறது. நாளைக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் டெபியன் 12-இல் அதற்கு 5.9-1+டெப்12யூ1 என்கிற பாணியில் பெயர் வைப்பார்கள். ஆப்ட் இரண்டையும் ஆங்கில அகரவரிசையில் ஒப்பிடும். கோவைக்குக் கே, டெப்புக்கு டி. கே பின்னால் வருவதால் நம்முடையதுதான் புதிது என்று முடிவு கட்டி, பாதுகாப்புத் திருத்தத்தை எட்டிக்கூடப் பார்க்காது. ஈரோடும் தேறாது, திருப்பூரும் தேறாது. கரூர், நாமக்கல் கதையும் அதேதான். அவிநாசி ஏ-வில் தொடங்குவதால் தப்பிக்கிறது. திருத்தம் வந்ததும் ஆப்ட் அதைப் போட்டுவிடும். நமக்கு வேகம் போகும், ஓட்டை அடைபடும். பிறகு சாவகாசமாகப் புது சோர்ஸை எடுத்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' போட்டுப் பூட்டி வைக்கச் சொல்பவர்கள் உண்டு. நெட்டைத் தொடாத பட மென்பொருளுக்குப் பரவாயில்லை. பிரவுசருக்கோ, வெளி ஃபைல்களைத் திறக்கும் பிடிஎஃப் ரீடருக்கோ அப்படிச் செய்யாதீர்கள்.

உபுண்டுவின் எண் பாணி வேறு. அங்கே சந்தேகம் வந்தால் 'டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ்' என்ற கட்டளையிடம் இரண்டு எண்ணையும் கொடுத்து, நடுவில் 'எல்டி' போட்டுக் கேளுங்கள். பின்னால் '&& எக்கோ சரி' என்று சேர்த்தால், முதலாவது சிறியதாக இருக்கும்போது மட்டும் சரி என்று திரையில் வரும்.

இப்போது கட்டலாம். மூன்று மாறிகளைப் பெரிய எழுத்தில் கொடுக்க வேண்டும், மதிப்புகள் சின்ன எழுத்து:

எக்ஸ்போர்ட் டெப்_சிஃப்ளாக்ஸ்_அப்பெண்ட்="-மார்ச்=நேட்டிவ்"

எக்ஸ்போர்ட் டெப்_சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ்_அப்பெண்ட்="-மார்ச்=நேட்டிவ்"

எக்ஸ்போர்ட் டெப்_பில்ட்_ஆப்ஷன்ஸ்="பேரலல்=3"

டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் -பி -யூஎஸ் -யூசி 2>&1 | டீ ../பதிவு.டெக்ஸ்ட்

முதலாவது சி மொழிக்கு, அடுத்தது சி++-க்கு. கடைசிக் கட்டளையில் -பி என்பது 'பில்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்து. நேட்டிவ் என்றால் இந்த மெஷினில் என்ன இருக்கிறதோ அத்தனையையும் பயன்படுத்து என்று பொருள். ஒரே ஆபீஸில் பலவகை மெஷின் இருந்து, ஒரு தடவை கட்டி எல்லாவற்றிலும் போட நினைத்தால் நேட்டிவ் வேண்டாம். எல்லாமே ஏவிஎக்ஸ்2 உள்ளவை என்று பார்த்துக்கொண்டு 'எக்ஸ்86-64-வி3' என்று கொடுங்கள். ஜிசிசி என்ற கம்பைலருக்கு 11-ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பெயர் புரியும். டெபியன் 11-இல் இருப்பது ஜிசிசி 10. அங்கே 'ஹாஸ்வெல்' என்று கொடுக்கலாம்.

பழைய கம்பைலருக்கு இன்னொரு விஷயம். சுழற்சிகளைத் தானாகவே வெக்டர் ஆக்கும் (பல எண்களை ஒரே அடியில் கணக்கிட வைக்கும்) வேலையை ஜிசிசி 12-தான் ஓ2 என்ற வழக்கமான நிலையிலேயே, அதுவும் அடக்கமாக, செய்யத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஜிசிசியில் மார்ச் மட்டும் கொடுத்துவிட்டு 'ஒண்ணும் ஆகலையே' என்று உட்கார்ந்திருப்பவர்கள் மார்ச்சுக்குப் பக்கத்தில் -ஓ3 சேர்க்க வேண்டும்; ஓ பெரிய எழுத்து. -ஓஃபாஸ்ட், -எஃப்ஃபாஸ்ட்-மேத் பக்கம் மட்டும் போகாதீர்கள். தசமக் கணக்கின் விதிகளையே தளர்த்திவிடும். படத்தில் புள்ளி விழும், கணக்கில் பைசா மாறும், எதனால் என்று கண்டுபிடிக்க வழியிருக்காது.

பேரலல் என்பது ஒரே நேரத்தில் எத்தனை ஃபைலைக் கம்பைல் செய்வது என்ற எண். நாலு கோர் இருக்கிறதே என்று நாலு போடத் தோன்றும். சி++-இல் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜிபி, சிலது அதற்கு மேலும் ரேம் கேட்கும். எட்டு ஜிபிக்கு மூன்று வசதி. நாலு ஜிபி என்றால் ஒன்றோ இரண்டோ. நடுவில் 'கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்' என்று நின்றால் சோர்ஸில் கோளாறு இல்லை. ரேம் தீர்ந்து கெர்னல் அந்த வேலையை அடித்துப் போட்டிருக்கிறது. எண்ணைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போது கட்டளையோடு '-என்சி' சேர்த்தால் முடிந்த ஃபைல்களைத் திரும்பத் தொடாது, விட்ட இடத்திலிருந்து போகும். கரண்ட் போய் நின்றாலும் இதே வைத்தியம்தான். மாதப் பராமரிப்புக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து லைன் நிறுத்தும் நாள் எது என்று பேப்பரில் பார்த்துவிட்டு, முந்தின நாள் பொழுதோட ஆரம்பித்தால் இந்த வம்பே இல்லை.

கட்டினது நிஜமாகவே மாறியிருக்கிறதா?

இதைப் பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம். மார்ச் கொடுத்தோம், பேக்கேஜ் வந்தது, வேகம் கூடியிருக்கும் என்று நம்பிக்கொள்வார்கள். சில மென்பொருளின் கட்டும் விதிகள் நீங்கள் கொடுத்த ஃப்ளாகை, அதாவது அந்த மார்ச்=நேட்டிவை, கண்டுகொள்ளவே கொள்ளாது.

பதிவு ஃபைலைத் திறந்து, மார்ச்=நேட்டிவ் என்று தேடுங்கள். ஒவ்வொரு கம்பைல் வரியிலும் இருக்க வேண்டும். அதே வரியில் அதற்குப் பின்னால் வேறொரு மார்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியில் வருவதே செல்லும். அடுத்து, பைனரியையே, அதாவது மெஷின் மொழியில் உள்ள ஓடும் ஃபைலையே, பிரித்துப் பார்க்கலாம்:

ஆப்ஜ்டம்ப் -டி /யூஎஸ்ஆர்/பின்/ராதெரபி-சிஎல்ஐ | கிரெப் -சி ஒய்எம்எம்

-டி என்பது 'டெபியன்' என்ற சொல்லின் முதல் எழுத்து. ஒய்எம்எம் என்பவை ப்ராசஸர் எண்களை வைத்துக் கணக்குப் போடும் 256 பிட் ரெஜிஸ்டர்கள். டிஸ்ட்ரோ பேக்கேஜ் இருக்கும்போது இதை ஒரு தடவை ஓட்டி எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள், நீங்கள் கட்டியதைப் போட்ட பிறகு இன்னொரு தடவை ஓட்டுங்கள். எண் எகிறியிருந்தால் ஃப்ளாக் உள்ளே இறங்கியிருக்கிறது.

போடுவது சுலபம். மேல் ஃபோல்டரில் டெப் ஃபைல்கள் கிடக்கும். ராதெரபி, ராதெரபி-டேட்டா இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். டிபிஜிசிம் என்று முடிவது நமக்கு வேண்டாம். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று அடித்து, ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆப்ட் அதைக் களஞ்சியத்தில் போய்த் தேடும்.

பிறகு அதே இருபது படம், அதே கட்டளை, அதே நாலைந்து ஓட்டம். வித்தியாசம் எவ்வளவு வரும் என்று நான் சொன்னால் அது உங்கள் மெஷினுக்குப் பொருந்தாது. பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம். வெக்டருக்கு ஏற்ற கணக்கு என்றால் அதற்கு மேலும் போகும். ஐந்து சதத்துக்குக் கீழே என்றால் டிஸ்ட்ரோ பேக்கேஜுக்கே திரும்பிவிடுங்கள் என்பேன். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மறுபடி கட்டும் சீர் அதற்குத் தகாது. ராத்திரி பூரா ஓடும் வேலையில் பதினைந்து சதம் கிடைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். அது சும்மா இல்லை.

ஃப்ளாக் மட்டும் போதாத இடம்: செஸ்

வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பவர்கள் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினைக் கட்டிப் பாருங்கள். ஈரோட்டுக்காரர் இனியன் 2019-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். இந்தப் பக்கம் செஸ் பழகும் பிள்ளைகள் வீட்டில் இந்த எஞ்சின் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும். சின்ன சோர்ஸ், வெளி நூலகம் ஒன்றும் வேண்டாம்.

இதில் மார்ச் மட்டும் கொடுத்தால் முழுப் பலன் வராது. ஏவிஎக்ஸ்2-க்கென்று கையால் எழுதிய பகுதிகள் தனியே இருக்கின்றன. கட்டும் விதிகள் எழுதியிருக்கும் மேக்ஃபைலின் சொந்த சுவிட்சைப் போட்டால்தான் அவை உள்ளே வரும். சோர்ஸின் எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் போய்:

மேக் -ஜே3 புரொஃபைல்-பில்ட் ஆர்ச்=எக்ஸ்86-64-ஏவிஎக்ஸ்2

ஆர்ச் பெரிய எழுத்து. புரொஃபைல்-பில்ட் என்பது ஒரு தடவை கட்டி, ஓட்டிப் பார்த்து, எந்தப் பாதையில் வேலை எச்சாக நடக்கிறது என்று தெரிந்துகொண்டு மறுபடியும் கட்டுவது. முடிந்ததும் './ஸ்டாக்ஃபிஷ் பெஞ்ச்' என்று ஓட்டுங்கள். கடைசியில் மூன்று வரி வரும்: மொத்த நேரம், தேடிய நிலைகள், ஒரு நொடிக்கு எத்தனை. ஆர்ச்சை வெறும் எக்ஸ்86-64 என்று மாற்றி, 'மேக் கிளீன்' போட்டுவிட்டு மறுபடி கட்டி ஓட்டுங்கள். தேடிய நிலைகளின் எண் இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. நொடிக்கு எத்தனை என்ற வரியில்தான் வித்தியாசம். நரம்பு வலை வைத்து நிலையை எடைபோடும் எஞ்சின் என்பதால், அது இங்கே நன்றாகவே தெரியும்.

உங்கள் பேக்கேஜிலும் இப்படிச் சொந்த சுவிட்ச் இருக்கிறதா என்று அதன் ரீட்மீயைப் புரட்டிப் பாருங்கள். ராதெரபியின் கட்டும் விதிகளான சிமேக்கிலும் 'ப்ராக்_டார்கெட்_நம்பர்' என்று, முழுக்கப் பெரிய எழுத்தில், ஒன்று உண்டு. 2 என்றால் நேட்டிவ்.

சிக்கல் வந்தால்

'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரே வரியைச் சொல்லிவிட்டு மென்பொருள் விழுந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஐ5-இல் கட்டியதைப் பென்டியத்தில் ஓட்டுகிறீர்கள். போர்டு போய்விட்டது என்று டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு பெட்டியில் மாட்டுகையில் இது நடக்கும். விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் நடக்கும். விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கியூஎம்யூ தன் வழக்கமான அமைப்பில் ஏவிஎக்ஸ்2-ஐ உள்ளே காட்டுவதில்லை. நான் ஜிலிப்சி, ஆப்ட், ஷெல் போன்றவற்றைக் கட்டாதீர்கள் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். ராதெரபி விழுந்தால் படம் திறக்காது, அவ்வளவுதான். ஜிலிப்சி விழுந்தால் பழுது பார்க்க உள்ளே நுழையவே வழி இருக்காது, பென்டிரைவைத் தேட வேண்டியதுதான்.

எல்லாவற்றையுமே கட்டித்தான் ஆக வேண்டும் என்ற வேகம் உள்ளவர்கள் டெபியனோடு மல்லுக்கட்டாமல் ஜென்டூவுக்குப் போகலாம். அது அதற்கென்றே உள்ள டிஸ்ட்ரோ. கட்டும் வேலை வேண்டாம், வி3-க்குக் கட்டியது மட்டும் வேண்டும் என்றால் ஆர்ச் வழியில் வந்த கேச்சிஓஎஸ் தயாராகவே தருகிறது.

திரும்பிப் போக, 'ஆப்ட் பாலிசி ராதெரபி' என்று அடித்துக் களஞ்சியத்திலுள்ள பதிப்பு எண்ணைப் பாருங்கள். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ராதெரபி=' என்று தொடங்கி அந்த எண்ணை ஒட்டி எழுதி, டேட்டா பேக்கேஜுக்கும் அதேபோல் கொடுத்தால், பதிப்பு இறங்குகிறது, பரவாயில்லையா என்று கேட்டுவிட்டு மாற்றிவிடும்.

கடைசியாகத் துப்புரவு. டெப் ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். சிஸ்டத்தை மறுபடி போட்டால் உதவும். சோர்ஸ் ஃபோல்டரை அழித்துவிடலாம், கட்டி முடித்தபின் அது ஜிபி கணக்கில் இடம் பிடித்திருக்கும். பிறகு:

சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ் ராதெரபி-பில்ட்-டெப்ஸ்

கட்டுவதற்காக இறக்கிய நூலகங்கள் அத்தனையும் இதோடு போகும். எதையெல்லாம் எடுக்கப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும். 'ஒய்' அடிப்பதற்கு முன் அதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.